மூன்று தம்பட்டங்காயில் ஒன்று

விதை எடுக்கப் போகிறவர்கள் விடிந்தவுடன் போகக் கூடாது. பனி காய்ந்து, வெயில் முதுகில் சுரீரென்று ஏறின பிறகுதான் போக வேண்டும். ஈரத்தோடு எடுத்த விதை பொட்டலத்துக்குள்ளேயே பூஞ்சணம் பூத்துவிடும். காயைக் காதோரம் வைத்து ஆட்டிப் பார்க்க வேண்டும். உள்ளே கலகலவென்று சத்தம் வந்தால் முற்றிவிட்டது. வராவிட்டால் செடியிலேயே விட்டுவிட்டு அடுத்த வாரம் வர வேண்டும். கொடியில் முதலில் பிடித்த காயும் விதைக்கு ஆகாது, கடைசியில் பிடித்ததும் ஆகாது, நடுவில் பிடித்ததுதான் ஆகும். எடுத்ததை நிழலில் ஆற்றி, சலித்த சாம்பலில் புரட்டி வைக்க வேண்டும்.

எங்கள் தெருப் பிள்ளைகளே, நீங்கள் என்னிடம் கேட்டது இதைத்தான். எழுதிவிட்டேன். ஆனால் "நீங்களே எங்களை வாய்க்கால் கரைக்குக் கூட்டிக்கிட்டுப் போங்க மாமா" என்று நீங்கள் வந்து நிற்கும்போதெல்லாம், வேலை இருக்கிறது என்று சொல்லிவிட்டு உள்ளே போய்விடுகிறேன். ஞாயிற்றுக்கிழமையில் எனக்கு ஒரு வேலையும் கிடையாது. ஏன் வருவதில்லை என்பதையும் சேர்த்து எழுதிவிடுகிறேன். நான் எட்டாவது வரை படித்தவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள்.

லஸ்கர் வேலை என்னவென்று உங்களுக்குத் தெரியும். வாய்க்கால் மதகை ஏற்றி இறக்க வேண்டும், கரை உடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். நெரவிக்குக் கிழக்கே கடல் பக்கமாகப் போகிற வாய்க்காலில் மூன்று மைல் என் பொறுப்பு. நீங்கள் யாரும் பிறக்காத ஒரு கார்த்திகையில் புயல் அடித்தது. கரை மரங்கள் முக்கால்வாசி விழுந்தன. பூவரசும் வாகையும் புங்கையும் வேரோடு பிடுங்கிக்கொண்டு வாய்க்காலுக்குள் தலைகுப்புறக் கிடந்தன. வேலிகளில் இருந்த அவரை, பீர்க்கு, சுரை எல்லாம் போன இடம் தெரியவில்லை. அடுத்த வருடம் விதைக்கலாம் என்று கூரையில் செருகி வைத்திருந்த விதைகூடக் கூரையோடு போய்விட்டது. காரைக்கால் கடைத்தெருவில் கிடைத்த விதையில் பாதி சொத்தை.

அப்போது என் மகளுக்கு எட்டு வயது. மகனுக்கு ஆறு. தை பிறந்ததும் ஞாயிற்றுக்கிழமைதோறும் இரண்டு பேரையும் கரையோடு கூட்டிக்கொண்டு போக ஆரம்பித்தேன். அவர்களுக்கு என்று பழைய சட்டையைக் கிழித்து ஆளுக்கொரு பை தைத்துக் கொடுத்தாள் என் மனைவி. கொடுக்கும்போதே சொன்னாள்:

"மூணு மைலுக்கு லஸ்கரு. ஞாயித்துக்கிழமையானா குருவி."

"குருவி கொத்தித் தின்னும்டி. நாங்க தின்ன மாட்டோம், கொண்டாருவோம்."

"கொண்டாருவீங்க. கொண்டாந்து என் அஞ்சறைப் பெட்டியில கொட்டுவீங்க. போன வாரம் கடுகுன்னு எடுத்துத் தாளிச்சேன், துத்தி விதை."

அது நடந்ததுதான். வெடிக்கவே இல்லையே என்று அவள் கரண்டியைப் பார்த்துக்கொண்டு நின்றதைச் சொல்லிச் சொல்லிப் பிள்ளைகள் சிரித்தார்கள்.

மகனுக்குப் பட்டாசுக் காய் ஒன்று போதும். எச்சிலைத் தொட்டு உள்ளங்கையில் வைத்துக்கொண்டு அது வெடிக்கிற வரைக்கும் மூச்சு விடாமல் நிற்பான். காசித்தும்பைக் காயைத் தொட்டதும் சுருண்டு தெறிக்கும்போது அவனும் கூடவே துள்ளுவான். அவன் பையில் வீடு வந்து சேருவது எப்போதும் நாலோ ஐந்தோ விதைதான். மகள் அப்படியில்லை. நான் சொல்கிற ஒவ்வொன்றையும் வாய்க்குள் திரும்பச் சொல்லிப் பார்த்துக்கொள்வாள். தண்ணீரில் போட்டால் மிதப்பது பதர், மூழ்குவது விதை என்று நான் சொன்ன அன்று, வீட்டுக்கு வந்து அவள் அம்மா ஊறப் போட்டிருந்த உளுந்திலேயே மிதந்ததையெல்லாம் பொறுக்கி எடுத்துவிட்டாள். பூசணி விதையைச் சாணியில் பிசைந்து சுவரில் அடித்து வைத்தால் எறும்பு அண்டாது என்றேன். மறுநாள் எங்கள் மேற்குச் சுவரில் அவள் கை பதிந்த பத்து வட்டம் இருந்தது.

அவர்களுக்கு நான் சொன்ன முதல் பாடம் இது. "மூணு இருந்தா ஒண்ணு எடு. ஒண்ணு செடிக்கு, ஒண்ணு குருவிக்கு. எல்லாத்தையும் வழிச்சிக்கிட்டு வர்றவன் கையில விதை நிக்காது." இரண்டு பேரும் எந்தச் செடிக்கு முன்னால் நின்றாலும் முதலில் விரலை நீட்டி எண்ணுவார்கள். கரையில் போகிற ஆட்கள் பார்த்துவிட்டு, "என்னா லஸ்கரே, புள்ளைங்க எருக்கஞ்செடிக்கு ஆஜர் எடுக்குதுங்க?" என்று கேட்டிருக்கிறார்கள்.

வேலிக் கொடியில் சில காய்களில் துணிக் கிழிசல் கட்டியிருப்பார்கள், பார்த்திருப்பீர்கள். கறிக்குப் பறிக்கக் கூடாது, விதைக்கு விட்டிருக்கிறது என்று அதற்கு அர்த்தம். அதையும் சொல்லிக் கொடுத்தேன். "துணி கட்டியிருந்தா கறிக்கு இல்ல, விதைக்கு" என்று சொன்னேன். அது வேலிக்காரருடைய விதை என்று தனியாகச் சொல்லவில்லை. சொல்லித்தான் தெரிய வேண்டுமா என்று நினைத்திருப்பேன்.

எங்கள் வீட்டுக்கு அடுத்த வீடு என் அண்ணன் வீடு. ஒரே மனையை இரண்டாகப் பிரித்து நடுவில் முள்வேலி போட்டிருந்தோம். பிரித்தபோது கிணறு யார் பக்கம் என்பதில் பேச்சு தடித்துவிட்டது. அதிலிருந்து அண்ணனும் நானும் சண்டை போடவில்லை, ஆனால் ஒன்றும் கேட்டுக்கொள்வதுமில்லை. பிள்ளைகளுக்கு அது கிடையாது. பெரியம்மா, பெரியம்மா என்று அங்கேதான் பாதி நேரம் கிடப்பார்கள். அண்ணியின் வேலியில் தம்பட்டை அவரைக் கொடி ஒன்று இருந்தது. புயலில் அறுந்து போய், வேரிலிருந்து மறுபடி தழைத்து, மாசி கடைசியில் காய்த்தது. சுற்று வட்டாரத்தில் வேறு எங்கும் அப்போது தம்பட்டை இல்லை. கத்தி மாதிரி முழ நீளக் காய். அண்ணி மூன்று காயை விதைக்கு விட்டு, மஞ்சள் துணி கட்டியிருந்தார்கள்.

பங்குனியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, மதகு ஷட்டர் பக்கத்தில் நிழலுக்கு உட்கார்ந்திருந்தோம். மகள் கேட்டாள்:

"அப்பா, பெரியம்மா வீட்டுத் தம்பட்டை விதை ஒண்ணு கேட்டு வாங்கலாமாப்பா? நம்மகிட்ட அது ஒண்ணுதான் இல்ல."

அண்ணன் வீட்டு வாசலில் போய் நின்று விதை கேட்கிற நினைப்பே எனக்குக் கசந்தது. வேண்டாம் என்று சொன்னால் ஏன் என்று கேட்பாள். அதனால் சிரித்துக்கொண்டே சொன்னேன்:

"கேட்டு வாங்குன விதை முளைக்காது புள்ள. கேக்காம எடுத்தாத்தான் முளைக்கும்."

கறிவேப்பிலைக் கன்றுக்கு அப்படி ஒரு பேச்சு நம் ஊரில் உண்டு. கேட்டு வாங்கி நட்டால் பட்டுப்போகும், சொல்லாமல் கொண்டுவந்து நட்டால் செழிக்கும் என்பார்கள். அதை நான் விளையாட்டுக்கு விதைக்கும் ஏற்றினேன். மகன் சிரித்தான். மகள் சிரிக்கவில்லை. வாய்க்குள் ஒருமுறை சொல்லிப் பார்த்துக்கொண்டாள். அதை நான் பார்த்தேன். பார்த்தும், விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லாமல் எழுந்து நடந்தேன்.

யோசித்துப் பாருங்கள், பிள்ளைகளே. ஈரத்தில் எடுக்காதே என்று சொன்னதும் இந்த வாய்தான். மிதப்பது பதர் என்று சொன்னதும் இந்த வாய்தான். அவையெல்லாம் பாடம், இது மட்டும் வேடிக்கை என்று எட்டு வயதுப் பெண் எப்படிப் பிரித்து அறிவாள்?

ஆடியில் வேலியோரம் ஆளுக்குப் பத்தடி இடம் பிரித்துக் கொடுத்தேன். மகன் தன் பத்தடியில் விதையைப் போட்டுவிட்டு, முளைத்ததா என்று மறுநாளே தோண்டிப் பார்த்தான். மகள் போட்டதெல்லாம் முளைத்தது. காவிரித் தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து எனக்கு மூச்சுவிட நேரமில்லாத சமயம். அவள் பக்கத்தில் என்னென்ன முளைத்தது என்று நான் உட்கார்ந்து பார்க்கவில்லை. "அப்பா, என்னோடது ஏழு எலை விட்டுருச்சு" என்பாள். "ம்" என்பேன்.

புயலில் விழுந்த மரங்களைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆபீசிலிருந்து வந்து ஒவ்வொரு மரத்துக்கும் தாரில் நம்பர் போட்டார்கள். நம்பர் போடுவதற்கு நாலு நாள் முன்னாலேயே ஊரில் பாதிப் பேர் கூரைக்குக் கைமரம் வெட்டிக்கொண்டு போயிருந்தார்கள். யாருக்கும் வீட்டில் கூரை இல்லை. நானும் ஒரு பூவரசுக் கிளையை வெட்டிக் கொண்டுவந்து கூரைக்கு வைத்தேன். ஒன்றுதான். ஆனால் நான் கரைக்குக் காவல்காரன். மரங்கள் குறைகின்றன என்று யாரோ எழுதிப்போட, பேப்பர் பத்து மாதம் எங்கெங்கோ சுற்றிவிட்டுப் புரட்டாசியில் விசாரணை என்று வந்தது. லஸ்கர்கள்தான் எடுத்திருக்க வேண்டும், நிரூபணமானால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான் என்று பேச்சு. என் வேலை அப்போது இன்னும் நிரந்தரம் ஆகவில்லை.

ஓவர்சியர் எங்கள் வீட்டுக்கே வந்தார். மத்தியானம் மூன்று மணி இருக்கும். பள்ளிக்கூடம் அன்று லீவு. எங்கள் வீட்டில் நாற்காலி கிடையாது. மகன் ஓடிப்போய் அண்ணன் வீட்டு நாற்காலியைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வந்தான். பின்னாலேயே அண்ணி ஒரு சொம்பில் மோர் கொண்டுவந்தார்கள். பேச்சுவார்த்தை இல்லாவிட்டாலும் வீட்டுக்கு ஆபீசர் வந்தால் அப்படித்தான். ஓவர்சியர் வாசலில் வேப்பமரத்தடியில் உட்கார்ந்து மடியில் அட்டையை வைத்துக்கொண்டு என் வாக்குமூலத்தை எழுதினார். எழுதியதைப் படித்துக் காட்டினார். அரசாங்க உடைமை எதையும் எடுக்கவோ, பிறர் எடுக்க உடந்தையாக இருக்கவோ இல்லை என்று அதில் இருந்தது. "சரியாய்யா?" என்றார். "சரிங்க சார்" என்றேன். முதுகுக்குப் பின்னால் வீட்டுக் கூரையில் அந்தப் பூவரசுக் கைமரம் இருந்தது. நான் திரும்பிப் பார்க்கவில்லை.

கையெழுத்துப் போடப் பேனாவை வாங்கினேன். அப்போது வேலியோரம் அண்ணியின் குரல் கேட்டது.

"ஏன்டி, இதென்னா தம்பட்டைக் கொடி?"

மகள் அங்கேதான் நின்றுகொண்டிருந்தாள். முகமெல்லாம் பல். ஊதாப் பூவும் ரெண்டு பிஞ்சுமாக அவள் கொடி வேலி மேல் ஏறியிருந்தது.

"என்னோடது பெரியம்மா. நான் போட்டது."

"ஏதுடி வெத?"

"ஒங்க வேலியில எடுத்தேன்."

"நெனச்சேன்! மூணு கட்டுனனே, ரெண்டுதானே இருக்குது, எலி இழுத்துக்கிட்டுப் போச்சுன்னு இருந்தேன். எலி இங்கல்ல நிக்குது, பாவாடை கட்டிக்கிட்டு. யாரைக் கேட்டுடி எடுத்த?"

"கேட்டா முளைக்காதுல்ல பெரியம்மா. மூணு இருந்துச்சு, ஒண்ணுதான் எடுத்தேன். ரெண்ட விட்டுட்டேன்."

"யாருடி சொன்னா ஒனக்கு இப்புடி?"

"அப்பாதான் சொன்னாங்க. கேட்டு வாங்குன விதை முளைக்காது, கேக்காம எடுத்தாத்தான் முளைக்கும்னு."

அவள் அதைப் பயந்து சொல்லவில்லை. வாய்ப்பாடு ஒப்பிக்கிற மாதிரி, தெளிவாக, சந்தோஷமாகச் சொன்னாள். ஓவர்சியர் அட்டையிலிருந்து தலையைத் தூக்கினார். மோரை ஒரு வாய் குடித்தார். சிரித்தார்.

"என்னய்யா லஸ்கரு, புள்ளைங்களுக்கு நல்ல பாடமால்ல நடத்துற."

அந்தச் சிரிப்பில் விஷம் இருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. வெறும் சிரிப்பாகக்கூட இருக்கலாம். எனக்கு வேலை போய்விட்டது என்றுதான் தோன்றியது.

"நான் எங்க சார் சொன்னேன்? இது வாயில வந்ததச் சொல்லுது."

"சொன்னீங்களே அப்பா." மகளுக்கு ஆச்சரியம். நான் மறந்துவிட்டேன் என்று நினைத்து எனக்கு உதவி செய்தாள். "ஷட்டர்கிட்ட. அன்னைக்கு நெழல்ல ஒக்காந்திருந்தோமே. நான் பெரியம்மாகிட்ட கேக்கலாமான்னு கேட்டேன்ல?"

நான் எழுந்து போய் அவளை அடித்தேன். கன்னத்தில். பேனா இன்னும் கையில் இருந்தது. அவள் கன்னத்தில் மை இழுத்துக்கொண்டது.

"திருடிட்டுப் பொய் வேற சொல்றியா?"

இந்த வார்த்தையை அண்ணி சொல்லவில்லை. ஓவர்சியர் சொல்லவில்லை. திருடி என்று என் மகளை முதலில் சொன்னது நான்தான்.

அவள் அழவில்லை. கன்னத்தைக்கூடத் தொடவில்லை. நாற்காலிக்குப் பின்னால் நின்ற தம்பியைப் பார்த்தாள்.

"தம்பி, நீயும் கேட்டேல்ல? அப்பா சொன்னாங்கல்ல?"

அவன் என் கையைப் பார்த்தான்.

"நான் கேக்கல" என்றான்.

"விடுய்யா, சின்னப் புள்ள. காயிக்குப் போயி" என்றார் ஓவர்சியர். அவர் முகத்தில் சிரிப்பு போயிருந்தது. நான் வந்து கையெழுத்துப் போட்டேன். மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு போய்விட்டார். அண்ணி போகவில்லை. இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றார்கள். நான் வாய் திறப்பேனா என்று பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள் என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். நானோ, அண்ணிக்கு முன்னால் என் கௌரவம் போகிறது என்று நினைத்தேன்.

"பிடுங்குடி அந்தக் கொடிய" என்றேன்.

மகள் உட்கார்ந்து, இரண்டு கையாலும் தூரைப் பிடித்து இழுத்தாள். தம்பட்டை வேர் லேசில் வராது. மூன்று தடவை இழுத்தாள். வந்ததும் மண்ணை உதறிவிட்டு, கொடியைச் சுருட்டி, பெரியம்மா காலடியில் கொண்டுபோய் வைத்தாள். பிறகு கிணற்றடிக்குப் போய்க் கை கழுவினாள்.

சாயங்காலம் என் மனைவி அடுப்பைப் பார்த்தபடியே கேட்டாள்.

"சொன்னீங்கதானே?"

"சொன்னேன்."

"அப்பறம் ஏன்?"

"வேலை போயிரும்டி."

"போவட்டுமே" என்று அவள் சொல்லவில்லை. சொல்ல முடியாது. நாலு வயிறு. "அவகிட்டயாவது சொல்லுங்க. அப்பா அப்படிச் சொன்னது நெசந்தான்னு காதோட சொல்லுங்க. புள்ள நான் கனவு கண்டனாம்மான்னு கேக்குது" என்றாள்.

சொல்கிறேன் என்றேன். விசாரணை முடியட்டும் என்று இருந்தேன். விசாரணை மார்கழியில் முடிந்தது. எந்த லஸ்கர் மேலும் குற்றமில்லை, ஊர்க்காரர்கள் எடுத்திருக்கலாம் என்று எழுதி மூடிவிட்டார்கள். அடுத்த வருடம் வேலை நிரந்தரமானது. அன்று வீட்டில் பாயசம் வைத்தோம். மகளும் குடித்தாள். அப்போதும் சொல்லவில்லை. இத்தனை நாள் கழித்து எதற்குக் கிளற வேண்டும், பிள்ளை மறந்திருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

பிள்ளைகள் மறக்க மாட்டார்கள் என்று உங்களுக்குத் தெரியும். உங்களிடம் நான் அதை நிரூபிக்க வேண்டியதில்லை.

அந்தப் புரட்டாசிக்குப் பிறகு வந்த ஞாயிற்றுக்கிழமை பையை எடுத்துக்கொண்டு கூப்பிட்டேன். "எனக்கு எழுத்து வேலை இருக்குப்பா" என்றாள். மகன் மட்டும் வந்தான். கரையில் யாருக்கும் சொந்தமில்லாத எருக்கஞ்செடி முன்னால் நின்றுகொண்டு, "இத எடுக்கலாமாப்பா? யார்ட்டயாவது கேக்கணுமாப்பா?" என்றான். பட்டாசுக் காயைக் கண்டும் குனியவில்லை. இரண்டு மூன்று வாரம் அப்படியே இழுத்துக்கொண்டு போனது. அப்புறம் நானும் கூப்பிடவில்லை.

அண்ணி ஊரில் சொல்லிவிட்டார்கள். குழாயடியில் சிரிப்புக்கென்றுதான் சொன்னார்களாம். பள்ளிக்கூடத்தில் என் மகளுக்குத் தம்பட்டங்கா என்று பேர். ஒரு நாள் சாக்பீஸ் டப்பா காணவில்லை. "தம்பட்டங்கா பையைப் பாருங்க டீச்சர்" என்று ஒரு பையன் சொல்ல, வகுப்பே சிரித்திருக்கிறது. டப்பா டீச்சர் மேஜை இழுப்பறையிலேயே இருந்தது. ஆனால் அதற்குள் மகள் யாரும் கேட்காமலேயே எழுந்து, பையைத் தலைகீழாக டெஸ்க் மேல் கொட்டிக் காட்டிவிட்டாளாம். மகன் வந்து அவன் அம்மாவிடம் சொன்னதை நான் கொல்லையில் நின்று கேட்டேன்.

அதிலிருந்து அது பழக்கமாகிவிட்டது. யார் வீட்டுக்குப் போனாலும் புறப்படும்போது பையைத் திறந்து, உள்ளே இருப்பதைத் தானாகவே எடுத்து வெளியே வைத்துவிட்டு மறுபடி அடுக்குவாள். பார்க்கிறவர்களுக்குச் சாமான் சரிபார்க்கிற மாதிரி இருக்கும். எங்கள் வீட்டிலும் அப்படித்தான். ஒரு ஊசி வேண்டுமென்றாலும், "எடுத்துக்கட்டுமாம்மா?" என்று கேட்பாள். கொல்லையில் இருக்கிற கொய்யாவைக்கூடக் கேட்டுத்தான் பறிப்பாள். என்னிடம் கேட்க மாட்டாள். அவள் அம்மாவிடம்தான் கேட்பாள்.

பத்தாவது முடித்து, தையல் படித்து, பத்தொன்பது வயதில் குரும்பகரத்தில் கட்டிக்கொடுத்தோம். நல்ல குடும்பம். கல்யாணம் முடிந்து பெண்ணை அனுப்புகிற நேரம். வாசலில் கார் நிற்கிறது. சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கிறார்கள். அவள் தன் டிரங்குப் பெட்டியைக் கூடத்தின் நடுவில் வைத்துத் திறந்தாள். புடவை, துண்டு, தையல் கத்திரிக்கோல், பவுடர் டப்பா என்று ஒவ்வொன்றாக எடுத்துத் தரையில் வைத்தாள். அவள் அம்மா ஓடிவந்து கையைப் பிடித்தாள்.

"என்னாடி இது, நல்ல நேரத்துல?"

"பாத்துக்கம்மா. எல்லாம் எனக்குக் குடுத்ததுதான். பாத்துட்டியா?"

மாப்பிள்ளை வீட்டார் பெண்ணுக்குப் பதட்டம் என்று நினைத்துச் சிரித்தார்கள். அண்ணி சிரிக்கவில்லை. தூணோரம் நின்று என்னைப் பார்த்தார்கள்.

கார் போன மறுநாள் அண்ணன் வீட்டுக்குப் போனேன். பன்னிரண்டு வருடத்துக்கு மேலாக அந்தப் படியை நான் ஏறியதில்லை. அண்ணி முறத்தில் அரிசி பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"அண்ணி, அன்னைக்கு அந்தத் தம்பட்டங்கா..."

"ஒக்காருங்க தம்பி."

"அது பொய் சொல்லலைண்ணி. நான்தான் சொன்னேன். கேக்காம எடுத்தாத்தான் முளைக்கும்னு நான்தான் சொல்லிக் குடுத்தேன்."

அண்ணி கல்லைப் பொறுக்கிப் போட்டார்கள்.

"எனக்கு அன்னைக்கே தெரியும். அந்தப் புள்ள பொய் சொல்ற மூஞ்சியா அது? ஆபீசரு ஒக்காந்திருக்காரு, வாயத் தொறக்க முடியல, சரி. அவரு போனப்பறம் சொல்லுவீங்கன்னு நின்னேன். நாலு நாள் கழிச்சி வந்து சொல்லுவீங்கன்னு இருந்தேன். நீங்க வந்து சொல்லியிருந்தா நான் என் வாயாலேயே குழாயடியில மாத்திச் சொல்லியிருப்பேன். நீங்க வரல. நானும் வீம்புக்கு இருந்துட்டேன். பெத்தவருக்கே இல்லாத அக்கறை எனக்கு என்னான்னு." முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "நம்ம ரெண்டு பேரு வீம்புக்கு அந்தப் புள்ள பொட்டியத் தொறந்து காட்டிட்டுப் போவுது" என்றார்கள்.

அடுத்த வாரமே குரும்பகரத்துக்குப் போனேன். மகள் கொல்லையில் துணி உலர்த்திக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டு போனது ஒன்று, வாயில் வந்தது வேறு.

"பெரியம்மாகிட்ட சொல்லிட்டேன்மா. அன்னைக்கு ஷட்டர்கிட்ட நான் சொன்னது நெசந்தான்னு."

அவள் கிளிப்பை வாயில் கவ்விக்கொண்டு ஒரு போர்வையை விரித்துப் போட்டாள். கிளிப்பை எடுத்து மாட்டினாள். பிறகுதான் பேசினாள்.

"தம்பி அடுத்த நாளே வந்து சொல்லிட்டான்பா."

"என்ன சொன்னான்?"

"நான் கேட்டேன்க்கா, அப்பா சொன்னது கேட்டுச்சு, அடிப்பாங்கன்னு பயந்துட்டேன்னு. பள்ளிக்கூடத்துக்குப் போற வழியில அழுதான். அவனுக்கு ஆறு வயசு."

அவ்வளவுதான். கோபமாகச் சொல்லவில்லை. ஊர் விஷயம் சொல்வது போலச் சொன்னாள். அவள் மாமியார் உள்ளேயிருந்து, "சம்பந்தி வந்திருக்காங்க, எலை போடும்மா" என்றார்கள். அவள் போய் இலை போட்டாள். நான் சாப்பிட்டேன். மீன் குழம்பு நன்றாக இருந்தது. கிளம்பும்போது, வரட்டுமா என்றேன். "வாங்கப்பா" என்றாள். கூடவே வந்து பஸ் ஏற்றிவிட்டாள். இன்றுவரை மரியாதையில் ஒரு குறை வைத்ததில்லை. போன பொங்கலுக்கும் வேட்டி எடுத்துக்கொண்டு வந்து கொடுத்தாள். புறப்படும்போது பையைத் திறந்து கூடத்தில் எடுத்து வைத்தாள்.

பிள்ளைகளே, நீங்கள் விதை எடுக்கப் போங்கள். உங்கள் அப்பாவோடு போங்கள், இல்லாவிட்டால் நீங்களே சேர்ந்து போங்கள். என்னைக் கூப்பிடாதீர்கள். நான் கூட வந்தால் வழியெல்லாம் பேசுவேன். எதைப் பாடமாகச் சொல்கிறேன், எதை வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று எனக்கே பிரித்துச் சொல்லத் தெரியவில்லை. அதைப் பற்றி நாளைக்கு யாராவது கேட்டால், நான்தான் சொன்னேன் என்று எழுந்து நிற்பேனா என்றும் தெரியவில்லை. நிற்பேன் என்று சொல்ல ஆசையாக இருக்கிறது. நாற்காலியில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதைப் பொறுத்தது அது.

என் மகளைத் தம்பட்டங்கா என்று கூப்பிட்ட பிள்ளைகளெல்லாம் இப்போது உங்களுக்கு அப்பா அம்மாக்களாகவும் மாமா அத்தைகளாகவும் இருக்கிறார்கள். அவர்களிடம் இதைப் படித்துக் காட்டுங்கள். மூன்று காயில் அவள் ஒன்றுதான் எடுத்தாள். கேட்காமல் எடுக்கச் சொன்னது நான். அவள் பொய் சொல்லவில்லை. பொய் சொன்னது நான்.